இரண்டாவது பாட்டுக்குப் பிறகு

ட்ரேசி சாப்மனின் முதல் ஆல்பம் 2025 ஏப்ரல் 4 அன்று மறுபடியும் வினைல் தட்டாக வந்தது. 35ஆம் ஆண்டுப் பதிப்பு என்று பெயர். ஆனால் ஆல்பம் முதலில் வெளியானது 1988 ஏப்ரல் 5இல். கணக்குப் பார்த்தால் 37 வருஷம். பொதுவாக இப்படிப்பட்ட பதிப்புகளில் ஒத்திகைப் பதிவு, மேடைப் பதிவு, விட்டுப்போன பாட்டு என்று என்னென்னவோ சேர்ப்பார்கள். இதில் அதே 11 பாட்டு, அதே வரிசை. இவ்வளவுதானா என்று தோணலாம். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. ஏனென்றால் இந்த ஆல்பத்தின் சரித்திரமே, அதிலிருந்து ஒரு பாட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்ட சரித்திரம்தான்.

சாப்மன் 1964இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பிறந்தவர். அம்மா தனியாளாக வளர்த்த பிள்ளை. அது ஆலைத் தொழிலாளர்களின் ஊர். ஆலைகள் நொடித்துக்கொண்டிருந்த காலம். 1978 டிசம்பரில் நகர நிர்வாகமே வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. சாப்மன் உதவித்தொகையில் வெளியூர்ப் பள்ளிக்குப் போனார், பிறகு பாஸ்டனுக்குப் பக்கத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தார், ஹார்வர்ட் சதுக்கத்தில் தெருவோரம் நின்று பாடினார். தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான மாணவர் போராட்டத்தில் பாட ஆள் தேடிக்கொண்டிருந்த சக மாணவர் பிரையன் கோப்பல்மன் காதில் அந்தக் குரல் விழுந்தது. அவருடைய அப்பா சார்லஸ் கோப்பல்மன் இசைத் தொழிலில் பெரிய புள்ளி. எலெக்ட்ரா நிறுவனத்தின் கதவு அப்படித்தான் திறந்தது.

சின்தசைசரும் டிரம் மெஷினும் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. தயாரிப்பாளர் டேவிட் கெர்ஷன்பாம் குரலையும் கிடாரையும் முன்னால் வைத்து, மற்ற வாத்தியங்களை அடக்கி வாசிக்க வைத்தார்.

1988 ஜூன் 11. சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாளுக்காக லண்டன் வெம்பிளி மைதானத்தில் கச்சேரி. சாப்மன் பகலிலேயே தன் பாட்டுகளைப் பாடி முடித்துவிட்டார். பிற்பாடு ஸ்டீவி வொண்டர் மேடையேறப் போகும் நேரத்தில், அவருடைய சின்தசைசருக்கான ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். அவர் திரும்பிப் போய்விட, அந்த இடைவெளியை நிரப்பச் சாப்மனை மறுபடி அனுப்பினார்கள். ஒரு ஆள், ஒரு கிடார். 'ஃபாஸ்ட் கார்' பாடினார். உலகம் பூராவும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடையிலேயே பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 6ஆம் இடத்துக்கும் ஆல்பம் முதலிடத்துக்கும் போயின. மறுவருஷம் மூன்று கிராமி.

இதே கச்சேரியை அமெரிக்காவில் காட்டிய ஃபாக்ஸ் தொலைக்காட்சி, அரசியல் பேச்சுகளை வெட்டித்தள்ளிவிட்டது. கொண்டாட்டம் வேணும், காரணம் வேணாம்!

'ஃபாஸ்ட் கார்' பாட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டு, கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணின் கதை அது. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி 1981இலிருந்து 1990 வரை மணிக்கு 3.35 டாலரிலேயே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. இதை வைத்துக்கொண்டு கேட்டால், அவளுடைய உழைப்பு ஏன் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பது புரியும். கடைசியில் அவள் நம்பி வந்தவனும் அவளுடைய அப்பா மாதிரியே ஆகிவிடுகிறான். ஆனால் ஜனங்கள் மனசில் தங்கியது காரும் வேகமும்தான். 2023இல் கன்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ் இதைப் பாட, 2ஆம் இடம்வரை போனது. அந்த வருஷம் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது சாப்மனுக்கு. அதை வாங்கிய முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர். 2024 கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடியபோது அரங்கமே எழுந்து நின்றது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கேயும் அந்த ஒரு பாட்டு மட்டும்தான்.

சாப்மன் தான் ஸ்ட்ரீமிங்கில் பாட்டுக் கேட்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். தட்டோ சிடியோ வாங்கினால்தான் கலைஞருக்குக் காசு போகும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வது காசு விஷயம். நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன்: வரிசை.

முதல் பக்கத்தில் முதலாவது, ஏழைகள் எழுவார்கள் என்கிற 'டாக்கிங் பௌட் எ ரெவல்யூஷன்'. இரண்டாவது 'ஃபாஸ்ட் கார்'. மூன்றாவது 'அக்ராஸ் தி லைன்ஸ்': நிறத்தால் இரண்டாகப் பிளந்த ஒரு ஊர், தாக்கப்படும் கறுப்பினச் சிறுமி, கலவரம், பழியும் அவள் தலையிலேயே. நான்காவது 'பிஹைண்ட் தி வால்'. வாத்தியமே கிடையாது, வெறும் குரல். பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிவாங்கும் சத்தம், தாமதமாக வந்து ஒன்றும் செய்யாத போலீஸ். இரண்டு நிமிஷம்கூட இல்லை.

கார் பாட்டில் அவள் ஏன் ஓடத் துடித்தாள் என்பதற்கு, அடுத்த இரண்டு பாட்டும் சாட்சி சொல்கின்றன. ஃபோனில் ஒரு தட்டுத் தட்டி அவற்றைத் தாண்டிவிடலாம். வினைலில் தாண்டணும் என்றால், எழுந்துபோய் ஊசியைத் தூக்கணும்.