டயரைத் தின்ற சாலை

போர் வரலாறு என்றாலே தளபதிகள் கதைதானா? ஒரு மாறுதலுக்கு லாரி டயரைப் பார்ப்போமே!

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ஓடிய 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' லாரிகள்தான், வேகமாக முன்னேறிய அமெரிக்கப் படைக்குப் பெட்ரோலும் குண்டும் சுமந்தன. ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர்கள்.

அந்த டயர்களின் பட்டைகள் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எந்தப் பக்கச் சக்கரத்திலும் மாட்டலாம். முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே பிடிப்பு. அவசரத்தில் மாற்ற வசதிதான். ஆனால் டிராக்டர் டயர் மாதிரி சேற்றைத் தானாக உதறாது.

தேய்மானம்தான் பெரிய தலைவலி. இரண்டரை டன் லாரியில் ஐந்து டன் வரை ஏற்றினார்கள். வீரர்கள் சாப்பிட்டுவிட்டு வீசிய தகர டப்பாக்கள் வேறு டயரைக் கிழித்தன. ரப்பருக்கும் பஞ்சம். நம் தமிழர்கள் பால் மரம் சீவிய மலாயாத் தோட்டங்கள் 1942 தொடக்கத்திலேயே ஜப்பானிடம் போய்விட்டன! கைகொடுத்தது செயற்கை ரப்பர். ஆனால் பாரம் ஏற்றி ஓடினால் அது இயற்கை ரப்பரைவிட அதிகம் சூடாகும். சூடு ஏறினால் டயரின் ஆயுசு குறையும்.

மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது உத்தரவு. முன்னணியில் பெட்ரோலுக்குக் காத்திருந்தார்களே... ஓட்டுநர்கள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையே செயலிழக்கச் செய்துவிட்டு ஓட்டினார்கள்.