நெடுவில்லின் மறுபிறப்பு

வில்லென்றவுடன் நம் நினைவில் எழுவன இராமன் மிதிலையில் ஒடித்த வில்லும் அருச்சுனனுடைய காண்டீபமுமே. அவை எம்மரத்தால் ஆயின, நாணின்றிக் கிடக்கும்போது எப்பக்கம் வளைந்திருந்தன என்று நாம் கேட்பதில்லை. மேல்நாட்டாரோ வில்லின் வடிவத்தைப் பற்றி நானூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதியும் வழக்காடியும் வந்துள்ளனர். துப்பாக்கி வந்து வில்லைப் போர்க்களத்தினின்று அகற்றிய பின்னரும் அவ்வழக்கு ஓய்ந்தபாடில்லை. இன்று பழைய முறை வில்வித்தையிற் பற்றுள்ளோர் பலர் விரும்பிக் கையிலெடுக்கும் ஒரு புதுவகை நெடுவில் அவ்வழக்கை மீண்டும் மூட்டிவிட்டிருக்கிறது. 'நெடுவில் என்று எதனைச் சொல்வது?' என்னும் கேள்வியே அவ்வழக்கின் உயிர்நிலை. அதன் வரலாற்றை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

ஆங்கிலேயர் பெருமையோடு பேசும் நெடுவில், யூ என்னும் மரத்தின் ஒரே கோலிலிருந்து செதுக்கப்படுவது. வில்லில் எய்பவன் முகத்தை நோக்கும் பக்கத்தை வயிறு என்றும், இலக்கை நோக்கும் பக்கத்தை முதுகு என்றும் அவர்கள் வழங்குவர். நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. யூ மரத்திற் பட்டையை அடுத்துள்ள வெளிறிய பகுதி நீட்சியைத் தாங்கும். உள்ளே இருக்கும் சிவந்த வைரம் நெருக்குதலைத் தாங்கும். இரண்டும் சேருமிடத்திற் கோலை வெட்டியெடுத்தால், இருவேறு பொருள்களை ஒட்டிச் செய்ததொத்த வில் இயற்கையாகவே கிடைத்துவிடுகிறது. மரத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கே அது கிடைக்கும்.

அவ்விற்களின் வலிமை எத்தகையது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னனின் 'மேரி றோஸ்' என்ற போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரைக்கு அண்மையிற் கடலில் அமிழ்ந்தது. 1982இல் அதன் உடற்பகுதி மேலே கொணரப்பட்டது. கப்பலிற் கண்டெடுத்தவற்றுள் முழுமையாயிருந்த நெடுவிற்கள் 137. அம்புகள் 3500க்கு மேல். விற்கள் ஆறடிக்கு மேற்பட்ட நீளமுடையன. அவற்றை முழுமையாக இழுக்க 100 இறாத்தலும் அதற்கு மேலும் விசை வேண்டியிருந்திருக்கும், சிலவற்றுக்கு 180 இறாத்தல் வரை வேண்டியிருந்திருக்கும் என ஆராய்ந்தோர் கணித்தனர். இன்று பொழுதுபோக்காக எய்பவர் ஒருவர் 40 முதல் 55 இறாத்தல் வில்லோடு மனநிறைவு கொள்கிறார். அன்றைய வில்லாளன் சிறுவயது முதலே பழகியவன். இருபத்துநான்கு வயது கடந்தவன் 220 யாருக்குக் குறைந்த தொலைவிலுள்ள இலக்கை எய்தலாகாது என்று 1541இல் அந்நாட்டில் ஒரு சட்டமே இருந்தது.

அக்கப்பல் அமிழ்ந்த அதே 1545இல் றொஜர் அஸ்கம் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 'தொக்சோபிலஸ்' என்ற நூலை வெளியிட்டார். வில்லை விரும்புபவன் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். ஆங்கிலத்தில் வில்வித்தையைப் பற்றி எழுந்த முதல் நூல் அது. இலத்தீனிலோ கிரேக்கத்திலோ எழுதுவது தமக்கு எளிதாயிருந்தும் நாட்டு மொழியிலேயே எழுதினார். தாய்மொழியில் எழுதினாற் புலமை குறையும் என்று அஞ்சுவோர் எந்நாட்டிலும் உண்டு; அஸ்கம் அவ்வாறு அஞ்சவில்லை. மன்னன் அந்நூலுக்காக அவருக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுண் உதவிப் பணம் அளித்தான். ஆயினும் அந்நூல் வெளிவந்து அரை நூற்றாண்டு கழிவதற்குள் ஆங்கிலப் படைகளில் வில்லின் இடத்தைத் துப்பாக்கி கைப்பற்றிவிட்டது.

போருக்கு உதவாதபின் வில் செல்வர்களின் விளையாட்டாயிற்று. 1781இல் இலண்டனில் அமைந்த சங்கம் ஒன்று அஸ்கத்தின் நூற்பெயரையே தன் பெயருக்கு அடியாகக் கொண்டது. அச்சங்கத்தார் முன்னிலையில் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. துருக்கித் தூதரின் செயலாளராயிருந்த மஹ்மூத் எபெந்தி என்பவர், தம் நாட்டுக் குறுவில்லை எடுத்துக் காற்றோடு எய்தார். அம்பு 482 யார் சென்று வீழ்ந்தது. காற்றுக்கெதிரே எய்ததும் 415 யார் சென்றது. ஆங்கிலேயரின் நெடுவிற்கள் அத்தொலைவை எட்டும் திறனற்றவை. நீளத்தில் தம் வில்லினும் எவ்வளவோ குறைந்த ஒரு வில் இவ்வாறு செய்வது எங்ஙனம் என்று அவர்கள் மலைத்தனர்.

துருக்கி வில் மரத்தால் மட்டும் ஆனதன்று. நடுவில் மெல்லிய மரம், வயிற்றுப் பக்கம் எருமைக் கொம்பு, முதுகுப் பக்கம் விலங்கின் நரம்பு என மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்வது. நாணைக் கழற்றினால் அது எதிர்ப்புறமாகச் சுருண்டு கிடக்கும். கொம்புவில் நமக்கும் புதிதன்று. ஆழ்வார்கள் பாடும் திருமாலின் வில்லுக்குச் சார்ங்கம் என்று பெயர். சிருங்கம் என்னும் வடசொல் கொம்பைக் குறிப்பது. அதனின்று பிறந்த சார்ங்கம் கொம்பாலானது எனப் பொருள்படும்.

இனிக் கதை அமெரிக்காவுக்குச் செல்கிறது. அங்கு உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதிப் படையிலிருந்த மோறிஸ் தொம்சன், வில் தொம்சன் என்னும் உடன்பிறந்தார் இருவர், போர் முடிந்தபின் துப்பாக்கி வைத்திருக்க உரிமையின்றி வில்லேந்திக் காடு புகுந்தனர். மோறிஸ் 1878இல் எழுதிய நூல் அந்நாட்டில் வில்லார்வத்தைத் தூண்டிற்று. மறு ஆண்டே ஒரு தேசியச் சங்கம் தோன்றியது.

அதனினும் ஆழ்ந்த நிகழ்ச்சி 1911இல் நடந்தது. கலிபோர்னியாவில் ஒறோவில் என்னும் ஊரின் இறைச்சிக்கூடத்தருகே பசியால் மெலிந்த ஒரு மனிதன் காணப்பட்டான். யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி மனிதன் அவனே. மற்றையோர் குடியேறிய வெள்ளையராற் கொல்லப்பட்டும் காட்டில் ஒளிந்து வாழ்ந்தும் அழிந்துபோயினர். தன் பெயரை அவன் எவருக்கும் சொல்லவில்லை. அவன் மொழியில் மனிதன் என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லாலேயே அறிஞர்கள் அவனை அழைத்தனர். சான் பிரான்சிஸ்கோவிற் பல்கலைக்கழக நூதனசாலையில் அவன் வாழ்ந்தபோது, அருகிருந்த மருத்துவக் கல்லூரியின் சத்திரசிகிச்சை நிபுணர் சாக்ஸ்ரன் போப் அவனுக்கு நண்பரானார்; வைத்தியராயிருந்தவர் வில்லுக்கு மாணவரானார். 1916இல் இஷி காசநோயால் இறந்தான். அவனிடம் கற்றதைப் போப் நூல்களாக எழுதிவைத்தார். 1920களில் வெளிவந்த அந்நூல்களைப் படித்தே அமெரிக்கரிற் பலர் வில்லெடுத்தனர்.

ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. இஷியின் வில் குறுகியது. முதுகில் நரம்பு ஒட்டியது. போப் தம் ஆசானை எவ்வளவோ போற்றினார். ஆயினும் வேட்டைக்குச் சென்றபோது அவர் எடுத்தது யூ மரத்தில் தாமே செய்த ஆங்கில நெடுவில்லைத்தான். 1920இல் அவரும் ஆதர் யங் என்னும் தோழரும் நூதனசாலைக்கெனப் பெருங்கரடிகளை வீழ்த்தியதும் அத்தகைய விற்களாலேயே. மரபு என்பது ஆசானிடமிருந்து மாணவனுக்கு அப்படியே கைமாறும் பொருளன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

1930களில் வில் விஞ்ஞானிகளின் கையிற் சிக்கியது. கிளாறன்ஸ் ஹிக்மன் என்பவர் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்துப் பௌதிக அறிஞர். 1918இல் கொடாட் என்பவரோடு உந்துகணை ஆய்வில் ஈடுபட்டவர். அம்பின் வேகத்தை நுட்பக் கருவிகளால் அளந்து, வில்லின் இயக்கத்தைக் கணித முறையில் அவர் ஆராய்ந்தார். நெடுவில்லின் உருண்ட வயிறு பாரத்தைச் சமமாகத் தாங்கவில்லை என்றும், தட்டையான அகன்ற வடிவமே பொருத்தமானது என்றும் அவர் காட்டினார். போல் குளொப்ஸ்ரெக் என்னும் மற்றொரு பௌதிக அறிஞர் 1934இல் துருக்கி வில்லைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழையும் வலிய பசையும் வந்தன. மிச்சிகனைச் சேர்ந்த பிறெட் பெயார் முதலியோர் மரத்தின் இருபுறமும் கண்ணாடியிழைப் பட்டையை ஒட்டி, நுனி எதிர்வளைந்த விற்களைத் தொழிற்சாலையிற் செய்யத் தொடங்கினர். நெடுவில் மூலைக்குத் தள்ளப்பட்டது.

தள்ளப்பட்ட நெடுவில்லை விடாது பற்றியிருந்தவர் ஹொவார்ட் ஹில். 1938இல் வெளிவந்த 'றொபின் ஹூட்' திரைப்படத்தில் அம்பெய்தவர் அவரே. மூங்கிற் பட்டைகளை ஒட்டிச் செய்த, ஒடுங்கிய, ஏறத்தாழ நேரான வில்லையே அவர் விரும்பினார். ஆபிரிக்காவில் யானையையும் அவர் வில்லால் வீழ்த்தினார். அதனைப் புகழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. எனினும் அவருடைய கைத்திறனை மறுக்க இயலாது. 1975இல் அவர் மறைந்தார். இன்றும் நேரான நெடுவில்லே நெடுவில் என்று வாதிப்போர் அவர் பெயரையே கொடியாக உயர்த்துகின்றனர்.

இதற்கிடையில் மிசூரியைச் சேர்ந்த அலன் என்பவர் கப்பிகளும் வடங்களும் பூட்டிய பொறிவில் ஒன்றுக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். இழுத்து முடித்த நிலையில் விரல்களிற் பாரம் பெரிதும் குறைந்துவிடுவதே அதன் சிறப்பு. குறிபார்க்கும் கருவியும் விடுவிக்கும் பொறியும் அதனோடு சேர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க வேட்டைக்காரரிற் பெரும்பாலோர் அதன் பக்கம் சாய்ந்தனர். பின்னர் ஒரு பகுதியினருக்குச் சலிப்புத் தட்டியது. எய்வது தாமா, பொறியா என்ற ஐயம் எழுந்தது போலும். 1980களிலிருந்து அவர்கள் மீண்டும் மரவில்லைத் தேடிவந்தனர். வந்தவர்கள் ஹில்லின் நேர்வில்லை எடுத்துப் பார்த்தபோது, எய்தவுடன் கையில் விழும் அதிர்வும் அம்பின் மந்த வேகமும் பலருக்கு ஒவ்வவில்லை. அவர்களுக்காகவே பெருகியது, றிபிளெக்ஸ்–டிபிளெக்ஸ் எனப்படும் இருவளைவு நெடுவில்.

அதன் அமைப்பை எளிதாகச் சொல்லலாம். நாணின்றி அதனைக் கையிற் பிடித்துப் பக்கவாட்டிற் பாருங்கள். பிடிக்கு அண்மையில் அதன் கரங்கள் எய்பவனை நோக்கிச் சற்றே பின்வாங்கியிருக்கும், அது டிபிளெக்ஸ். நுனியை அணுகும்போது இலக்கை நோக்கி முன்னே வளையும், அது றிபிளெக்ஸ். முன்வளைவு மட்டும் இருந்தால் நாணேற்றுவதே பாடாகும். கரம் முறுகிப் புரளவும் கூடும். பின்வளைவு மட்டும் இருந்தால் வில் சாதுவாயிருக்கும், ஆனால் வேகம் இராது. இரண்டையும் அளவறிந்து சேர்த்தால் பின்வளைவு நிதானத்தையும் முன்வளைவு வேகத்தையும் தருகின்றன.

வேகம் எங்கிருந்து வருகிறது? 50 இறாத்தல் வில்லொன்றில் நாண் 20 அங்குலம் பின்னே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை பூச்சியத்திலிருந்து ஒரே சீராக ஏறினாற் சராசரி 25 இறாத்தல். கரங்களிற் சேரும் சக்தி 500 அங்குல இறாத்தல். நுனி முன்வளைந்த வில்லில் நாண் தொடக்கத்திலேயே இறுகி நிற்பதால், முதற் சில அங்குலங்களிலேயே பாரம் ஏறிவிடும். கடைசியில் விரல் தாங்குவது அதே 50 இறாத்தல்தான். சராசரியோ 27 ஆகலாம், சக்தி 540 ஆகலாம். அதே உழைப்புக்குச் சற்று மிகுந்த பலன். கரங்களின் நுனி மெலிந்து இலேசாயிருப்பதால் அச்சக்தியின் பெரும்பகுதி அம்புக்கே போகிறது, கையதிர்வும் தணிகிறது. துருக்கியரின் குறுவில் செய்த வித்தையின் ஒரு சிறு பங்கு, நெடுவில்லின் உடையை அணிந்து வந்திருக்கிறது.

நாணேற்றியபின் இவ்வில் பழைய நெடுவில்லைப் போலப் பிறைவடிவிற் காட்சியளிப்பதே வழக்கின் காரணம். கண்ணுக்குப் பழையது, வயிற்றில் கண்ணாடியிழை. இது ஏமாற்று என்பர் ஒரு சாரார். 1951இல் இங்கிலாந்தில் அமைந்த நெடுவிற் சங்கம், வில் மரத்தாலானதாயும் நுனிகள் கொம்புக் காதுகள் பூண்டனவாயும், கரத்தின் தடிப்பு அகலத்தின் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையாததாயும் இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது. உலக வில்வித்தைச் சம்மேளனமோ அவ்வளவு கண்டிப்பானதன்று. நாணேற்றிய நிலையில் நுனிக்காதுகளைத் தவிர வேறெங்கும் நாண் வில்லைத் தொடாதிருந்தால் அது நெடுவில் ஆகலாம். வில்லிற் கண்ணாடியிழையை அனுமதித்த அவர்கள், அப்பிரிவில் அம்பு மட்டும் மரத்தாலாயிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது ஒரு வேடிக்கை.

என் கருத்தைக் கேட்டால், எல்லைக்கோட்டை வில்லின் பொருளிலன்றி வில்லாளனின் உழைப்பிற் கீறுதல் தகும் என்பேன். பொறிவில் உச்ச இழுவையிற் பாரத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது; இருவளைவு வில் வாங்குவதில்லை. முழுப் பாரத்தையும் தாங்கி, கருவியின்றிக் குறிபார்த்து, விரலால் விடுவிக்க வேண்டியவன் அவனே. அஸ்கம் இன்று வந்து நின்றால், அவ்வில்லைக் கண்டு முகஞ்சுளிக்கக்கூடும். அதை எய்பவன் நிற்கும் நிலையைக் கண்டு தம் மாணவன் என்றே கொள்வார். ஆயினும் எதிர்க்கட்சியார் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. வில் செய்பவனின் கலை மாறிவிட்டது. யூ மரத்து வளையங்களை எண்ணி, வெளிறும் வைரமும் சந்திக்கும் இழையைத் தொடர்ந்து செதுக்கியவனுக்கு ஒவ்வொரு கோலும் ஒரு புதுப்பாடம். இன்றோ மெல்லிய மரப்பட்டைகளையும் கண்ணாடியிழைகளையும் பசை தடவி அச்சில் இறுக்கிச் சூடேற்றினால், முன் செய்ததை ஒத்த வளைவு மறுபடியும் பிறக்கும். அச்சைத் திட்டமிடுவதற்கும் அறிவு வேண்டும்; மரம் அங்கே பேசுவதில்லை.

ஆகவே இன்றைய நிலை இது. இருவளைவு நெடுவில்லோடு சம்மேளனத்தின் களத்துக்குச் செல்பவர், மர அம்புகளையும் எடுத்துச் சென்றால் நெடுவிற் பிரிவிலேயே நின்று எய்யலாம். அதே வில்லை ஆங்கில நெடுவிற் சங்கத்தின் களத்துக்கு எடுத்துச் சென்றால் அதற்கு அங்கே இடமில்லை. யூ மரத்து வில்லொன்றை இரவல் வாங்கிக்கொண்டுதான் அவர் வரிசையில் நிற்கவேண்டும்.