இருப்புப் பாதையின் இருமருங்கும்

நகரை மன்னன் அமைக்கலாம். அதனை ஊராக்குவது விழாவே. சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தமையால் பூம்புகாரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுவதன் உட்பொருளும் இதுவே எனலாம். மும்பை மாநகரில், இருப்புப் பாதையின் கிழக்கே மாதுங்காவிலும் மேற்கே தாராவியிலும் தமிழர் வாழ்ந்த வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

மாதுங்கா திட்டமிட்டு எழுந்த புறநகர். 1896இல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிற்று. காற்றும் ஒளியும் புகாத நெருக்கமே நோய்க்கு உறைவிடம் எனக் கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. தாதர், மாதுங்கா வட்டாரங்களில் அகன்ற சாலைகளும் பூங்காக்களும் வகுக்கப்பட்டன. அங்கே மாடிக் கட்டடங்கள் எழுந்த 1920களிலும் 1930களிலும், எழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்ற வந்த தென்னாட்டார் குடும்பத்தோடு குடியேறினர்.

டிரஸ்ட் சாலைகளைத் தந்தது. கூடி வாழும் வாழ்வை வந்தவர்களே ஆக்கிக்கொண்டனர். 1923இல் ஆஸ்திக சமாஜம் தோன்றியது. 1932இல் எம். வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினார். 1952இல் ஷண்முகானந்த சபை உருவாகி, 1963இல் ஏறத்தாழ 3,000 பேர் அமரத்தக்க அரங்கத்தைத் திறந்தது. அவ்வரங்கம் 1990இல் தீக்கிரையாயிற்று. எனினும் சபையார் சோர்ந்திலர். 1998இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடம் எரிந்தாலும் கூடும் வழக்கம் எரியவில்லை என்பதன்றோ இதன் பொருள்?

இத்துணையும் நம் மலர்கள் பலகாலும் எழுதியவையே. பாதையின் மேற்குப்புறமோ அத்துணை எழுதப்படவில்லை. தாராவி தொன்மையில் கோலி மீனவரின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொழில் வேரூன்றியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இசுலாமியரும் ஆதிதிராவிடரும் பிறரும் வந்து சேர்ந்தனர். அவர்களுக்காக எந்த டிரஸ்டும் பூங்கா வகுக்கவில்லை. ஆயினும் அங்குள்ள பெரிய மசூதி 1887இலும், பிள்ளையார் கோயில் 1913இலும் எழுந்தவை. மாதுங்காவின் சமாஜத்திற்கு இவை இரண்டும் மூத்தவை என்பது கருதத்தக்கது. பிற்காலத்தில் காமராசர் பெயரால் பள்ளி ஒன்றும் அமைந்தது. தைத் திங்கள் முதல் நாளில், வாசல் குறுகிய வீடுகளின் பெண்கள் தொண்ணூறு அடிச் சாலைக்கு வந்து வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். முற்றம் இல்லாதார்க்குச் சாலையே முற்றமாயிற்று.

இருபுறத்தாரும் ஒருவரையொருவர் அதிகம் அறிந்தாரல்லர். சாதியும் பொருள்நிலையும் தண்டவாளத்தினும் வலிய எல்லைகளாய் நின்றன. ஆனால் 1966ஐ அடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியர்க்கு எதிரான கிளர்ச்சி எழுந்தபோது, அது கிழக்கையும் மேற்கையும் பிரித்துப் பார்க்கவில்லை. அயலார் நம்மை ஒன்றாக எண்ணினர், நாம்தாம் எண்ணவில்லை.

இன்று மாதுங்காவின் பிள்ளைகள் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நவி மும்பைக்கும் பெயர்ந்துவிட்டனர். தாராவியை இடித்து மீளக் கட்டும் திட்டம் 2023இல் அரசின் ஒப்புதலைப் பெற்றது. தெருக்கள் மாறும்போது, அங்கு நிகழ்ந்தவற்றின் நினைவும் மறையக்கூடும். சபையின் அழைப்பிதழ்கள் பேணப்படுகின்றன. தோல் கிடங்கில் உழைத்த கைகள் கூடி எடுத்த கோயிற் கொடைகளுக்கோ முதியோர் நினைவன்றி வேறு ஏடில்லை.

ஆதலின், வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கச்சேரி மேடையின் வரலாற்றோடு தெருப் பொங்கலின் வரலாற்றையும், அம்முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இருமருங்கையும் சேர்த்து எழுதும் வரலாறே மும்பைத் தமிழரின் முழு வரலாறு ஆகும்.