கூரைக்குக் கீழே தோட்டம்: இலங்கையின் நவீன வீட்டில் அகமும் புறமும் இணைந்த வரலாறு

இலங்கையின் நவீன வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவில் (1919–2003) தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். வானம் திறந்த முற்றம், தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை, அறைக்கும் தோட்டத்துக்கும் நடுவே சுவரே இல்லாத விறாந்தை ஆகிய மூன்றும் அவர் ஒருவரின் கற்பனையில் உதித்தவை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த வரலாற்றைச் சற்று முன்னாலிருந்து தொடங்குகிறது. 1940களின் இறுதியிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை கண்டியிலும் கொழும்பிலும் கட்டப்பட்ட சில வீடுகளுக்குள் நிலமும் மரமும் மழையும் எப்படிப் படிப்படியாக நுழைந்தன, அதற்கு வழிவிட்டவை எவை என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கே இந்த இணைப்பைக் கண்ணாடிச் சுவர் செய்துகொடுத்தது. இலங்கையில் கூரையும் தரைமட்டமும் செய்துகொடுத்தன. அந்தப் பாதையில் முதல் அடி வைத்தவர் மினெட் டி சில்வா.

பங்களாவும் முற்றமும்

குளிர்நாட்டில் சுவர் வெப்பத்தைக் காக்கிறது. கொழும்பின் சராசரி வெப்பநிலையோ ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். காற்றில் ஈரம் குறைவதே இல்லை. இங்கே உடல் கேட்பது காற்றோட்டமும் நிழலும், சாரல் அடிக்காத ஓர் இடமும்தான். பழைய கட்டுமானக்காரர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கண்டிப் பிரதானிகளின் வளவு எனப்பட்ட மாளிகைகளில் நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்தன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் நான்கு பக்கமும் விறாந்தை ஓட, கூரை உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்துக்கு அனுப்பியது. நெல் காய்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் கலியாணச் சடங்கு நடப்பதும் அந்த முற்றத்தில்தான். காலிக் கோட்டையின் ஒல்லாந்தர் கால வீடுகள் தெருவைத் தூண் நிரையிட்ட விறாந்தையால் எதிர்கொண்டு, பின்னால் முற்றத்தை வைத்துக்கொண்டன.

ஆங்கிலேயரின் பங்களா இந்த ஒழுங்கை வெளிப்புறமாகத் திருப்பிப்போட்டது. பெரிய மனையின் நடுவில் வீடு, சுற்றிலும் புல்தரையும் பூச்செடிகளும். தோட்டம் பார்ப்பதற்குரிய காட்சியாயிற்று. நிலம் ஏராளமாக இருந்தவரை இதில் குறையில்லை. கொழும்பில் பெரிய மனைகள் துண்டுபட்டு விற்கப்பட்டபோதும் வீடு கட்டுகிறவர்கள் பங்களாவின் வடிவத்தை விடவில்லை. சிறு மனையின் நடுவே ஒரு பெட்டி வீடு, சுற்றிலும் எதற்கும் உதவாத ஒரு பட்டை நிலம், சன்னலைத் திறந்தால் அயல்வீட்டுச் சன்னல். விடுதலைக்குப் பின் வந்த கட்டடக் கலைஞர்கள் எதிர்கொண்ட சிக்கல் இதுதான். அழகியலைவிட மனையளவு பற்றிய சிக்கல் அது என்பதை வலியுறுத்த வேண்டும்.

கண்டி, 1951

மினெட் டி சில்வா (1918–1998) கண்டியில் பிறந்தவர். தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி. தாய் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். பம்பாயில் கட்டடக்கலை பயிலத் தொடங்கி, இலண்டனில் படிப்பை முடித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர். எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் பம்பாயில் தொடங்கிய ‘மார்க்’ கலை இதழின் தொடக்கக் குழுவில் இருந்தார். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அவருக்கு நெருங்கிய நண்பர்.

இவ்வளவு தொடர்புகளோடு ஊர் திரும்பியவர் முதலில் கட்டிய கருணாரத்ன இல்லம் (1949–51) கண்டியின் செங்குத்தான மலைச்சரிவில் நிற்கிறது. சரிவை வெட்டிச் சமதளமாக்கி வீட்டை வைப்பதே அன்றைய வழக்கம். அவர் அதைச் செய்யவில்லை. தளங்களை அரைமாடி அரைமாடியாக ஏற்றி இறக்கி, மலையின் சரிவையே வீட்டின் உட்குறுக்குவெட்டாக ஆக்கினார். மேலே போகிறவர் மாடி ஏறுவதோடு மலையையும் ஏறுகிறார். வெளியே உள்ள நிலத்தின் வடிவத்தை உள்ளே நடப்பவரின் கால் உணர்கிறது. இதுவே இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று கருதுகிறேன். பின்னால் வந்தவர்கள் முற்றத்தை மீட்டார்கள்; நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் இவர்.

தும்பறைப் பாய் நெசவு, அரக்குப் பூச்சு வேலை, சுடுமண் ஓடு ஆகிய கண்டிக் கைவினைகளைக் கொங்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் இடையே அவர் வைத்தார். ஓவியர் ஜார்ஜ் கீற் சுவரோவியம் தீட்டினார். கைவினைஞர்களின் பிழைப்பும் அந்த வீட்டுத் திட்டத்தின் பகுதியாக இருந்தது. அலங்காரம் என்று அதைச் சுருக்கிவிடக் கூடாது. கொழும்பில் அடுத்த சில ஆண்டுகளில் அவர் கட்டிய பீரிஸ் இல்லத்தில் மேல்தளத்தைத் தூண்கள்மேல் தூக்கி, தரைத்தளத்தை முற்றத்தோடும் தோட்டத்தோடும் ஒன்றாக ஓடவிட்டார். கொர்பூசியேயின் தூண்களும் சிங்கள வீட்டின் நடு முற்றமும் அங்கே ஒன்றோடொன்று பொருந்தின. தம் முறையை அவர் ‘நவீன வட்டாரக் கட்டடக்கலை’ என்று அழைத்தார். மேற்குலகத் திறனாய்வில் இதே கருத்து புகழ்பெறுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னால் நடந்தது இது.

ஓட்டின் அடியில் ஒரு தகடு

1958இல் டென்மார்க்கிலிருந்து உல்ரிக் பிளெஸ்னர் என்ற இளம் கட்டடக் கலைஞர் மினெட்டிடம் வேலை செய்ய வந்தார். சில காலத்துக்குப் பின் கொழும்பு சென்று, எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் பாவாவோடு சேர்ந்தார். பாவா சட்டம் படித்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில், 1957இல்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றவர். மினெட்டின் சிந்தனை பாவாவின் அலுவலகத்துக்குப் போன வழிகளுள் ஒன்று பிளெஸ்னர் என்பது என் ஊகம். ஆவணச் சான்று இல்லாவிட்டாலும் ஆள் நகர்ந்த திசை தெளிவாக இருக்கிறது.

அந்த அலுவலகம் செய்த முக்கியமான கண்டுபிடிப்பு வெளியே தெரியாத ஒன்று. நாட்டின் பழைய அரைவட்ட ஓடு கண்ணுக்கு இனியது. கனமழைக்கும் காற்றுக்கும் ஒழுகும். ஒழுகாதிருக்கக் கூரையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும்; அப்படி நிறுத்தினால் இறவாரத்தை நெடுந்தூரம் வெளியே இழுக்க முடியாது. நெளிவுள்ள ஆஸ்பெஸ்டாஸ் சிமெந்துத் தகட்டை முதலில் பரப்பி, அதன் நெளிவுகளில் ஓடுகளைப் படுக்கவைத்தார்கள். தகடு நீரைத் தடுத்தது. ஓடு வெயிலைத் தாங்கியது. கூரையைத் தாழ்வான சாய்வில் நீளமாக ஓட்ட முடிந்தது. ஆஸ்பெஸ்டாஸின் கேடு இன்று நன்றாகத் தெரிந்திருப்பதால் அந்தப் பொருளை யாரும் பின்பற்றக் கூடாது; ஆனால் அந்தத் தீர்வு செய்த வேலையை மதிப்பிடாமல் இந்த வரலாறு முழுமையாகாது. அகன்ற இறவாரம் கிடைத்தவுடன் சுவரின் தேவை குறைந்தது. சாரல் உள்ளே வராவிட்டால் கதவு எதற்கு, சன்னல் எதற்கு? வெளிச்சுவரைக் கழற்றிவிடும் துணிவைக் கொடுத்தது இந்தக் கூரைதான்.

காலத்தின் நெருக்கடியும் உதவியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கண்ணாடியும் உருக்கும் எளிதில் கிடைக்கவில்லை. கருங்கல், முதிரை மரம், களிமண் ஓடு, சுண்ணாம்பு ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருந்தன. வறுமையைப் புகழ்வது என் நோக்கமன்று. இருந்தாலும் கண்ணாடி தாராளமாகக் கிடைத்திருந்தால் கொழும்பின் வீடுகள் வேறு முகத்தோடு இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது.

ஆல்ஃபிரட் பிளேஸ் வீடு

இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்தது எனா டி சில்வாவின் வீட்டில் (1960–62). பத்திக் துணிக் கலைஞரான எனா மாத்தளைப் பக்கத்து அலுவிகாரைக் குடும்பத்தவர். கண்டிய வளவுகளின் வாழ்க்கையை அறிந்தவர். மனையோ கொள்ளுப்பிட்டி ஆல்ஃபிரட் பிளேஸில், அயலார் நெருங்கிய இடத்தில். பாவாவின் விடை பங்களாவின் ஒழுங்கை முற்றாகக் கைவிட்டது. மனையின் எல்லையில் மதில் எழுந்தது. அந்த மதிலை ஒட்டியே அறைகளும் தாழ்வாரங்களும் அமைந்தன. நடுவே பெரிய முற்றம். மூலைகளில் சிறு முற்றங்கள். சுற்றிலும் வீணாகிக்கொண்டிருந்த பட்டை நிலம் முழுவதும் நடுவுக்கு வந்துசேர்ந்தது.

பெரிய முற்றத்தில் கூழாங்கல் தரையும் பழைய அரைகற்களும் மரநிழலும். எந்தப் பக்கம் அமர்ந்தாலும் பார்வை ஒரு தாழ்வாரத்தைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, மறுபக்கத் தாழ்வாரத்தைக் கடந்து இன்னொரு பசுமையில் போய் நின்றது. சிறிய மனை பெரிதாகத் தோன்றியது இதனால். காற்றும் அதே வழியில் நடந்தது: முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, நிழலான சிறு முற்றங்களிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதில் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இருந்திராது. புதியது, முற்றங்களைப் பலவாகப் பிரித்து, பார்வையை அவற்றின் ஊடே கோத்த முறை. பழைய நாற்சாரில் முற்றம் ஒன்று. அது வீட்டின் மையம். இங்கே மையம் ஒரு பெரிய முற்றமாக இருந்தும், வீட்டுக்குள் நடக்க நடக்க வெளியும் உள்ளும் மாறிமாறி வந்துகொண்டே இருந்தன.

பாவாவின் கொழும்பு இல்லமும் இந்த உத்தியின் நீட்சியே. 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றை 1958இல் எடுத்து, அடுத்த பத்தாண்டில் மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டு, வெளிச்சக் கிணறுகள் போன்ற குட்டி முற்றங்களால் அவற்றை இணைத்தார். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய தூண்கள் அங்கே நிற்கின்றன. பின்னர் 1970களில் மதுரை கோச்சடையில் அவர் வடிவமைத்த மதுரா ஆலைக் கிளப்பும் உள்ளூர்க் கருங்கல்லாலும் பழைய வீடுகளின் தூண்களாலும் எழுந்ததே.

வீடு தோட்டத்துக்குள் கரைந்தபோது

நகரத்துக்கு வெளியே கேள்வி வேறு. நிக்கவெரட்டியவை அடுத்த பொலொன்தலாவத் தோட்டத்தில், 1963–65இல், சுவிஸ் நிறுவனம் ஒன்றுக்காகப் பாவாவும் பிளெஸ்னரும் ஒரு பங்களா கட்டினார்கள். அவர்கள் தேர்ந்த இடம் பெரும்பாறைகள் சிதறிக் கிடந்த காடு. திட்டத்தைத் தாளில் வரைவதற்கு முன்னரே, கம்பும் கயிறும் கொண்டு பாறைகளுக்கு இடையே நிலத்தில் குறித்தார்கள். கூரையின் நீண்ட உத்திரங்கள் பாறைகள்மேல் அமர்ந்தன. பாறையே சுவரும் தூணுமாயிற்று. வீட்டை எங்கே முடித்து நிலத்தை எங்கே தொடங்குவது என்ற கோடு அங்கே மறைந்துபோனது.

பெந்தோட்டைக்கு அருகே தெதுவ ஏரிக்கரையில், 1948இல் வாங்கிய லுனுகங்க றப்பர்த் தோட்டத்தில், பாவா ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் வேலை செய்தார். குன்றின் முகட்டைத் தாழ்த்தி ஏரியையும் தொலைவில் தெரியும் தாதுகோபத்தையும் வீட்டிலிருந்து பார்க்கும் காட்சிக்குள் கொண்டுவந்தார். ஈழத்தலரியின் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு அவற்றின் வளைவைத் திருத்தினார். நிலம் தானாக அழகாயிருக்கிறது, வீடு அதில் பணிவாக அமர்கிறது என்று அவரைப் பற்றிச் சொல்வது பிழை. நிலத்தையும் அவர் வீட்டைப் போலவே வடிவமைத்தார். தம்புள்ளை அருகே 1994இல் நிறைவுற்ற கண்டலம ஹோட்டலில் மலைமுகத்தை ஒட்டிய கட்டடத்தைக் கொடிகள் மூடுவதற்கும் அதே நீண்ட பயிற்சியே பின்புலம்.

இந்தப் பணிகளின் கட்டுமான வலுவுக்குப் பொறுப்பேற்றவர்களை நினைவுகூர்வது அவசியம். 1967இல் பிளெஸ்னர் நாட்டைவிட்டுச் சென்ற பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாவாவின் பங்காளியாயிருந்தவர் பொறியியலாளர் க. பூலோகசுந்தரம். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலும் கோட்டே நாடாளுமன்றமும் எழுந்தது இந்தக் கூட்டில். நீண்ட கூரையும் மெல்லிய தூணும் தாமாக நிற்பதில்லை. தமிழில் பாவாவைப் பற்றி எழுதும்போதாவது இந்தப் பெயர் விடுபடக் கூடாது.

மறுபக்கம்

இந்த வீடுகளின்மேல் வைக்கப்படும் வலுவான குற்றச்சாட்டு, அவை செல்வந்தருக்குரியவை என்பது. அது உண்மையும்கூட. பாவாவின் அலுவலகத்திலிருந்து தனிவழி சென்ற வலன்ரைன் குணசேகர, பழைய வளவின் நினைவுகளை விலக்கி, கொங்கிரீட்டின் புதிய வடிவங்களில் நடுத்தர வகுப்புக்கு ஏற்ற நவீன வீட்டைத் தேடினார். திறந்த வீட்டுக்கு வேலையாட்களும் வேண்டும். நுளம்பு, தூசி, திருட்டுப் பயம் ஆகியவற்றுக்கு முற்றம் முழு விடை சொல்வதில்லை. ஆனால் செல்வத்துக்கும் இந்த இணைப்புக்கும் இயல்பான முடிச்சு எதுவும் இல்லை என்பதற்கும் சான்று உண்டு. கண்டி வட்டபுலுவவில் 1950களின் இறுதியில் மினெட் திட்டமிட்ட அரசு ஊழியர் குடியிருப்பில், குடிவரப் போகிறவர்களிடமே அவர்களின் தேவைகளை எழுதிக் கேட்டு, மலைச்சரிவையும் மரங்களையும் காத்து வீடுகளை அமைத்தார். பாவாவின் எந்த மாளிகையையும்விட இது பெரிய சாதனை என்பது என் மதிப்பீடு.

எனாவின் மனை விற்கப்பட்டபோது, 2009 முதல் அந்த வீடு கல்கல்லாக, ஓடோடாக எண்ணிட்டுப் பிரிக்கப்பட்டு லுனுகங்கவில் மீண்டும் எழுப்பப்பட்டது. 2016இல் பணி முடிந்தது. நெருக்கடியான நகர மனைக்கு விடையாகப் பிறந்த வீடு இப்போது பரந்த தோட்டத்தில் நிற்கிறது. அதன் மதில் எதைத் தடுக்க எழுந்தது என்பதை அங்கே காண முடியாது. ஆனாலும் அழிவைவிட அது மேல். மினெட்டின் கட்டடங்களில் பலவற்றுக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை.

இன்று கொழும்பிலும் சென்னையிலும் தோட்டத்தைப் பார்த்த கண்ணாடிச் சுவரும், அதை மூடிவைத்து ஓடும் குளிர்சாதனமும் ‘இயற்கையோடு இணைந்த வீடு’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் அவை பங்களாவுக்கே திரும்பியவை. தோட்டம் மறுபடியும் காட்சியாகிவிட்டது.

1950களின் இறுதியிலிருந்து பிளெஸ்னரும் கலைஞர்களான பார்பரா சன்சோனியும் லகி சேனநாயக்கவும் அவர்களின் நண்பர்களும் ஊர் ஊராகச் சென்று பழைய வீடுகளையும் விகாரைகளையும் அளந்து வரைந்தார்கள். பாவாவின் தலைமுறைக்கு அந்த வரைபடங்கள் பாடநூலாயின. அதே வேலை இப்போது வடக்கில் வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதிகளிலும் போருக்குத் தப்பி நிற்கும் நாற்சார் வீடுகள் இடிந்தும் இடிக்கப்பட்டும் குறைந்துவருகின்றன. அவற்றின் முற்ற அளவு, கூரைச் சாய்வு, தரைமட்டம், நீர்வடிகால் ஆகியவற்றை அளந்து பதிவு செய்யும் வேலையைக் கட்டடக்கலை மாணவர்களும் பல்கலைக்கழகங்களும் அந்த வீடுகளின் உரிமையாளர்களும் சேர்ந்து உடனே தொடங்க வேண்டும்.