கோலார் தங்கவயலில் பாசறையும் மனையடுப்பும்

முன்னுரை

படை வரலாற்றை எழுதுவோர் கோட்டையையும் போர்க்களத்தையும் விரித்துரைப்பர். அடுப்பைக் குறிப்பது அரிது. கருநாடக மாநிலத்தின் கோலார், படைகளின் நடமாட்டத்தை நெடுங்காலம் கண்ட நிலமாகும். அங்குள்ள தங்கவயலில் குடியேறிய தமிழர், பயறுகளை நெடுநேரம் வேகவைத்து உண்ட மனையுணவைச் சங்க இலக்கியப் பின்புலத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாசறையும் மனையும்

தலைவன் பாசறையில் இருக்க, தலைவி மனையில் ஆற்றியிருத்தல் முல்லையின் உரிப்பொருள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு காட்டிடைப் பாசறையை விரிவாகக் காட்டுகிறது. யானைக்கு ஊட்டும் தீனி அதில் பேசப்படும் அளவிற்கு வீரரின் உணவு பேசப்படவில்லை. முல்லைநில மக்களின் உணவை அறியப் பெரும்பாணாற்றுப்படையை நாட வேண்டியுள்ளது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூலில், முல்லைநிலச் சீறூரார் வரகுச் சோற்றுடன் அவரைப் புழுக்கை விருந்தாக அளிக்கின்றனர். புழுக்கு என்பது வேகவைத்த உணவு. வன்புலத்தின் தவசமும் பயறும் இணைந்த உணவு இது.

கோலாரும் படையும்

ஐதர் அலி பிறந்த பூதிகோட்டை கோலார்ப் பகுதியைச் சேர்ந்தது. 1791இல் காரன்வாலிசின் படை கோலார் வழியாகவே பெங்களூரை அடைந்தது. 1802இல் இப்பகுதியின் தங்கத்தைப் பற்றி அறிக்கை அளித்த ஜான் வாரன் ஒரு படை அதிகாரி. 1809இல் பெங்களூரில் படைக் குடியிருப்பு அமைந்தபோது தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அக்குடியிருப்பில் வாழ்ந்த ஓய்வுபெற்ற படைவீரரான லாவெல், 1870களில் கோலாரில் சுரங்க உரிமம் பெற்றார்.

சென்னை மாகாணப் படைகளில் குதிரைக்குக் கொள்ளை வேகவைத்துக் கொடுத்தனர். ஆங்கிலத்தில் கொள்ளுக்கு வழங்கும் பெயரும் ‘குதிரைப்பயறு’ என்னும் பொருளுடையதே. மக்கள் உணவாக நெடுங்காலம் விளங்கிய ஒரு பயறு, தீவனம் என்னும் பெயரோடே ஆட்சியாளர் வழக்கில் நிலைபெற்றது குறிப்பிடத்தக்கது.

தங்கவயலின் மனையடுப்பு

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரளாக வந்தனர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். வட ஆர்க்காடு பழைய தொண்டை மண்டலத்தின் பகுதி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வரிசை வரிசையான லைன் வீடுகள், சங்கொலி, ஷிப்டு, காவல், சோதனை என அவர்தம் வாழ்வு பாசறை ஒழுங்கிற்கு நிகராக அமைந்தது. 1930இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இக்கட்டுப்பாட்டின் கடுமையை உணர்த்தும்.

கோலார் மண்ணில் கேழ்வரகோடு அவரையும் துவரையும் ஊடுபயிராகும். கொள்ளை இரவில் ஊறவைத்து, மறுநாள் மண்சட்டியில் சிறுதீயில் வேகவைப்பர். வடித்த நீர் புளியும் மிளகாயும் கூடிச் சாறாகும். வெந்த பயறு மசியலாகும். ஒரே தீயில் இரண்டு உணவு கிடைத்தது. பனிக்காலத்தில் அவரை விதையை ஊறவைத்துத் தோல்நீக்கிய பிதுக்கம்பருப்புக் குழம்பு களிக்குத் துணையாயிற்று. முருங்கைக்கீரையும் கத்தரியும் கொல்லையில் கிடைத்தன. முல்லைப் புன்செய்யைக் குறித்த ‘கொல்லை’ என்னும் சொல் இன்று வீட்டுப் பின்புறத்தைக் குறிக்கிறது.

பயறு மலிவானது, ஆனால் அது வேகப் பொழுதும் விறகும் வேண்டும். அப்பொழுது பெண்ணின் உழைப்பாகும். பாறை வெடிப்புக்குப் பலர் பலியான சுரங்கத்தில், ஷிப்டு முடிந்து கணவன் மேலே வரும்வரை அடுப்பில் சட்டியை வைத்துக் காத்திருந்தவள் முல்லைத் தலைவியின் ஆற்றியிருத்தலையே வாழ்ந்தாள் எனலாம்.

முடிவுரை

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டதாகக் கணக்குண்டு. அதனை எடுத்தோர்க்குச் சோறிட்ட உழைப்பிற்குக் கணக்கில்லை. யானையின் தீனியைப் பாசறைப் பாட்டிலும், மாந்தர் உணவை வேறொரு பாட்டிலும் தேட வேண்டியிருப்பது போலவே, தங்கவயலின் உணவு வரலாற்றையும் நிறுவன ஆவணங்களுக்கு வெளியே தேட வேண்டும். அது முதிய பெண்டிரின் நினைவிலும் சமையற் சொற்களிலும் உள்ளது. அவர்கள் வாழும் காலத்திலேயே அவற்றைத் தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.