குழந்தைகளே இல்லாத ஏரியாவுக்கு ஸ்கூல் கட்டணமா? அமெரிக்காவின் '55 ப்ளஸ்' வீடுகளும் ஒரு விதிவிலக்கும்!

அமெரிக்காவின் பல ஊர்களில் புதுசா வீடு கட்டணும்னா, பெர்மிட் வாங்கும்போதே ஒரு தொகை கட்டணும். 'ஸ்கூல் இம்பாக்ட் ஃபீ'ன்னு பேரு. புது வீடுகள் வந்தா புதுக் குடும்பங்கள் வரும், குழந்தைகள் வருவாங்க, வகுப்பறைகள் பத்தாது. அந்தக் கூடுதல் செலவில் ஒரு பங்கை பில்டர் முதலிலேயே கட்டிடணும். கடைசியில் அது வீட்டு விலையில் ஏறி, வாங்குறவர் தலையில்தான் விழும்.

சரி, குழந்தைகள் வசிக்கவே கூடாதுன்னு விதி இருக்கிற சீனியர் குடியிருப்பு இதை எதுக்குக் கட்டணும்? நியாயமான கேள்விதானே!

நீங்க சிங்கிளா இருந்தாலும் கட்டணும்!

'எனக்கும்தான் குழந்தை இல்லை, எனக்கும் விலக்கு தாங்க'ன்னு நீங்க கேட்டா கிடைக்காது. காரணம், கட்டணம் உங்களுக்கு இல்லை, வீட்டுக்கு. இன்னிக்கு நீங்க தனியா இருக்கலாம். நாளைக்கு அதே வீட்டை மூணு குழந்தைகளோட ஒரு குடும்பம் வாங்கலாம். ஒரு வீட்டோட ஆயுளில் குழந்தைகள் வருவாங்க, போவாங்க என்பதை ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 1991-லேயே ஒரு வழக்கில் ஏத்துக்கிட்டது.

கதையை மாத்தின வழக்கு

அதே ஃப்ளோரிடாவில், வலூசியா கவுன்டியின் ஆர்மண்ட் பீச்சில் 'அபர்டீன்' என்ற சீனியர் குடியிருப்பு. 18 வயசுக்குக் கீழே யாரும் அங்கே நிரந்தரமா தங்கக் கூடாது என்று பத்திரத்திலேயே பதிவு செஞ்சிருந்தாங்க. குறைஞ்சது 30 வருஷத்துக்கு அந்த விதியை மாத்த முடியாது. அப்படியிருந்தும் கவுன்டி ஸ்கூல் கட்டணம் கேட்டது. 'புயல் வந்தா பள்ளிக்கூடம்தானே எல்லாருக்கும் முகாம்? பெரியவர்களுக்கான வகுப்புகளும் அங்கேதானே நடக்குது?' என்பது கவுன்டியின் வாதம்.

2000-ம் ஆண்டு தீர்ப்பில் நீதிமன்றம் பார்த்தது ரெண்டே விஷயம். இந்தக் குடியிருப்பால் புது வகுப்பறை தேவைப்படுதா? வசூலிக்கிற பணத்தால் இந்தக் குடியிருப்புக்குப் பலன் இருக்கா? ரெண்டுக்குமே பதில் 'இல்லை'. அபர்டீன் ஜெயிச்சது.

'55 ப்ளஸ்' போர்டு மட்டும் போதாது!

பலரும் குழம்புற இடம் இதுதான். 1988-லிருந்து, குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதற்காக வீடு தர மறுப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி தப்பு. சீனியர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆள் இருக்கிற வீடுகளில் 80 சதவிகிதத்திலாவது, வீட்டுக்கு ஒருவராவது 55 வயசைத் தாண்டியிருக்கணும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. மீதி வீடுகளுக்கு அந்த வயசுக் கணக்கு இல்லை. அதாவது, '55 ப்ளஸ்'னு பேர் இருந்தாலே அங்கே குழந்தை இருக்காதுன்னு அர்த்தம் இல்லை. அபர்டீனைக் காப்பாத்தினது தாத்தா பாட்டிகளோட வயசு இல்லை. குழந்தைகளுக்கு இடமில்லைன்னு எழுதி வெச்ச பத்திரம்.

முழு விலக்கா, தள்ளுபடியா?

இது ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் முழு விலக்கு இல்லை, தள்ளுபடி உண்டு. 2024-ல் அங்கே சாதாரண வீடுகளுக்கு அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பு சதுர அடிக்கு 5.17 டாலர். சீனியர் வீடுகளுக்குக் கடைகள், தொழிற்சாலைகளுக்கான ரேட்தான், 0.84 டாலர். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குக் கணக்குப் போட்டா 5,170 டாலர் எங்கே, 840 டாலர் எங்கே!

ஒண்ணு கவனிங்க. இது வீடு கட்டும்போது ஒரே ஒரு தடவை கட்டுற தொகை. வருஷா வருஷம் கட்டுற சொத்து வரியிலிருந்து பள்ளிகளுக்குப் போற பங்கு வேற. இம்பாக்ட் ஃபீயைத் தள்ளுபடி செஞ்சா அந்த வரியும் போயிடாது. 'பெரியவங்க பள்ளிக்கு ஒண்ணுமே தர்றதில்லை'னு யாராவது சொன்னா, அது பாதி உண்மைகூட இல்லை.

பேரன் வந்து நின்னா?

மிச்சமாகுற பணத்துக்கு ஒரு விலையும் இருக்கு. அப்படி ஒரு குடியிருப்பில் வசிக்கிற பாட்டியை யோசிச்சுப் பாருங்க. மகளுக்கு உடம்பு சரியில்லாமப் போய், எட்டு வயசுப் பேரனை அவங்கதான் வளர்க்கணும்னு நிலைமை. லீவுக்கு வந்துபோக பல இடங்களில் அனுமதி உண்டு. ஆனா அங்கேயே தங்கிப் பள்ளிக்கூடம் போகணும்னா பத்திரம் குறுக்கே நிக்கும். விதியைத் தளர்த்தினா, கட்டண விலக்குக்கு அடிப்படையே ஆட்டம் காணும். அதனால சங்கமும் லேசில் இறங்கி வராது. பாட்டி வீட்டை வித்துட்டுக் கிளம்ப வேண்டியும் வரலாம்.

அதனால அமெரிக்காவில் பெற்றோருக்காக இப்படி ஒரு வீடு பார்க்கிறீங்கன்னா, விலையோட நிறுத்திடாதீங்க. குறைஞ்சபட்ச வயசு எவ்வளவு, குழந்தைகள் எத்தனை நாள் தங்கலாம், விதியை எப்போ மாத்தலாம், மாத்தினா பழைய கட்டணத்தை யார் கட்டணும் என்ற நாலு கேள்விக்கும் பத்திரத்தில் பதில் தேடுங்க. கையெழுத்து அப்புறம்!