கைபேசி விளையாட்டுகளின் கணினிப் பதிப்புகள்

தொடுதிரைக்கென்று உருவான விளையாட்டைச் சுட்டி, விசைப்பலகை, அகலத் திரை ஆகியவற்றில் ஆடும்படி செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணினிக்குள் ஆண்ட்ராய்டுச் சூழலை உண்டாக்கி விளையாட்டை மாற்றாமலே ஓடவிடும் எமுலேட்டர். மற்றொன்று, விளையாட்டையே கணினிக்காகத் திருத்தி அமைக்கும் 'போர்ட்'.

எமுலேட்டர்களில் ப்ளூஸ்டாக்ஸ் பலரும் அறிந்தது. கூகுளும் இதே நோக்கிலான தன் சொந்த மென்பொருளின் சோதனைப் பதிப்பை 2022 ஜனவரியில் தென்கொரியா, தைவான், ஹாங்காங் ஆகிய இடங்களில் வெளியிட்டது. கைபேசிச் சில்லுகள் பெரும்பாலும் ஆர்ம் வகை. கணினிகளில் உள்ள இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்குக் கட்டளைத் தொகுதி வேறு. எனவே ஆர்முக்கு மட்டும் எழுதிய நிரலை ஓடும்போதே மாற்றித்தர வேண்டியிருக்கிறது; அதில் வேகம் குறையும். திரையின் பொத்தான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை ஒதுக்கப்படுகிறது. துப்பாக்கி விளையாட்டுகளில் சுட்டியால் குறிபார்ப்பது விரலால் பார்ப்பதைவிட எளிது. அதனால்தான் பப்ஜி மொபைல், எமுலேட்டரில் வருவோரைத் தனியாகச் சேர்த்து ஆடவைக்கிறது.

யூனிட்டி போன்ற விளையாட்டு இயந்திரத்தில் (கேம் என்ஜின்) செய்த விளையாட்டு என்றால் போர்ட்டில் நிரலை மாற்றுவது அவ்வளவு கடினமல்ல. கடினம் வடிவத்தில் இருக்கிறது. இதற்கு 'மானுமென்ட் வேலி'யே சிறந்த சான்று. லண்டனின் அஸ்ட்டூ கேம்ஸ் 2014 ஏப்ரலில் ஐபோன், ஐபேடுக்கு வெளியிட்ட இந்தப் புதிர் விளையாட்டில், ஓவியர் எஷரின் படைப்புகளை நினைவூட்டும் கட்டடங்களைத் திருப்பித் திருப்பி இளவரசி ஐடாவுக்கு வழி உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு காட்சியும் செங்குத்தாகப் பிடித்த திரைக்குள் அளந்து வரையப்பட்டது. அகலத் திரையில் அப்படியே போட்டால் இருபுறமும் வெற்றிடம். நீட்டினால் உருவம் கெடும். மேலும், பார்வைக் கோணம் சிறிது பிசகினாலும் சேர்ந்தாற்போலத் தோன்றும் பாதைகள் பிரிந்துவிடும், புதிரே அழிந்துவிடும். ஆகவே 2022 ஜூலையில் ஸ்டீம் இணையக் கடையில் வந்த 'பனோரமிக் எடிஷ'னுக்காகக் காட்சிகளை அகலத் திரைக்கேற்ப விரித்து அமைத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து வந்தாலும், மூலத்தின் அழகைக் குலைக்காத பதிப்பு இது.

கில்ட்ஃபர்டின் ஃபயர்புரூஃப் கேம்ஸ் 2012இல் ஐபேடுக்குத் தந்த 'தி ரூம்', 2014இல் கணினிக்கு வந்தபோது அதன் மேற்பரப்புப் படங்கள் உயர்தரத்தில் புதிதாகச் செய்யப்பட்டன. அருகில் சென்று உற்றுப் பார்ப்பதே ஆட்டம் என்பதால் பெரிய திரையில் பழைய படங்கள் போதாது.

'அமாங் அஸ்' இன்னொரு வகை. 2018 ஜூனில் கைபேசிக்கும் நவம்பரில் கணினிக்கும் வந்தது. கைபேசியில் விளம்பரங்களுடன் இலவசம், ஸ்டீமில் விலை உண்டு. ஆனாலும் இரு தரப்பினரும் ஒரே ஆட்டத்தில் கலந்து ஆடலாம். வஞ்சகர் யார் என்று வாதாடிக் கண்டறியும் ஆட்டம் என்பதால், குறிபார்க்கும் வேகம் அதில் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. விசைப்பலகை உள்ளவர் வாதத்தைச் சற்று விரைவாகத் தட்டச்சு செய்வார், அவ்வளவுதான்.